பிரெக்ஸிட் சட்டம் நேர்ல பார்த்த அனுபவம்: லண்டன் பார்லிமெண்ட் கேலரியும் சட்ட வெப்சைட்டும்

ஓட்டல், போன், மிக்ஸின்னு எல்லாத்துக்கும் ரிவ்யூ எழுதியாச்சு, இது கொஞ்சம் வேற மாதிரி ஐட்டம். லண்டன் பார்லிமெண்ட்ல காமன்ஸ் சபைய (நம்ம லோக்சபா மாதிரி) பொதுமக்கள் உக்காந்து பார்க்குற கேலரி, அப்புறம் பிரிட்டன் சட்டம் பூரா போட்டு வெச்சிருக்கற லெஜிஸ்லேஷன் டாட் கவ் டாட் யூகே வெப்சைட். ரெண்டும் ஃப்ரீ. நான் ரெண்டுகிட்டயும் போனது ஒரே விஷயத்துக்குத்தான், பிரெக்ஸிட் பிரெக்ஸிட்னு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய போறது பத்தி, வருஷக்கணக்கா ஊரே கத்திட்டு இருந்துச்சே, அந்த சட்டத்துல உண்மையில என்னதான் எழுதியிருக்குன்னு பார்க்க. ஸ்டார் மொதல்லயே சொல்லிடறேன், கேலரிக்கு அஞ்சுக்கு மூணரை, வெப்சைட்டுக்கு நாலே முக்கால். ஆமா, வெப்சைட்டுக்குத்தான் ஜாஸ்தி.

எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னு கேட்டா, 2016 ஜூன் 23 ஓட்டெடுப்புல நானும் ஓட்டு போட்டவன். அப்போ நான் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகல, இந்திய பாஸ்போர்ட், ஒர்க் விசா, அவ்ளோதான். ஆனா காமன்வெல்த் நாட்டுக்காரங்க இங்க குடியிருந்தா ஓட்டு உண்டு. எங்க கீழ்வீட்டு அண்ணன் பாண்டிச்சேரிக்காரர், அவங்கப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவர், அதனால குடும்பத்துக்கே பிரெஞ்சு பாஸ்போர்ட். பாரிஸ் பக்கம் கொஞ்ச வருஷம் இருந்துட்டு புள்ளைங்க இங்கிலீஷ்ல படிக்கட்டும்னு 2009லயே இங்க வந்துட்டார், வேலை, வீடு, வரி எல்லாம் இங்கதான், ஆனா அவருக்கு ஓட்டு இல்ல. ஐரோப்பிய யூனியன் நாட்டுக்காரங்கள்ல அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர வேற யாருக்கும் கிடையாது. "என் தலையெழுத்துக்கு நீ ஓட்டு போடற, பார்த்து போடு தம்பி"ன்னு சிரிச்சுகிட்டேதான் சொன்னார். மறுநாள் காலைல 51.9க்கு 48.1, வெளிய போறோம்னு வந்துச்சு. அன்னிக்கு அவர் சிரிக்கல.

சரி, கேலரிக்கு வருவோம். நாங்க ரெண்டு பேரும் போனது 2019 ஏப்ரல் 3, புதன்கிழமை சாயங்காலம். ஈஸ்ட் ஹாம்ல டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினா வண்டி மாறாம வெஸ்ட்மின்ஸ்டர்ல இறங்கிடலாம், அது ஒரு சவுகரியம். குரோம்வெல் கிரீன் வாசல்ல ஏர்போர்ட் மாதிரியே செக்கிங், பெல்ட்டு பையெல்லாம் டிரேல போடணும், கழுத்துல மாட்டிக்க ஒரு பாஸ் குடுப்பாங்க. உள்ள நுழைஞ்சதும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், 1097ல கட்டுனது, நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஒரு தொண்ணூறு வருஷம் இளையது, மேல மரக்கூரைய அண்ணாந்து பார்த்துட்டே நடந்தா முன்னாடி போறவர் மேல மோதிடுவீங்க. முதலாம் சார்லஸ் மன்னரை விசாரிச்சு தலைய எடுக்கச் சொன்னது அங்கதான், தரையில தகடு பதிச்சிருக்கு. இந்த ஹாலுக்காகவே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

கேலரி சின்னது. டிவில பார்த்து பெரிய ஹால்னு நெனச்சுட்டு போனா ஏமாந்துருவீங்க, காமன்ஸ் சபையே சின்னது, எம்பிங்க 650 பேர், உக்கார எடம் 427 பேருக்குத்தான், முக்கியமான நாள்ல மீதி பேர் டவுன் பஸ்ல நிக்கிற மாதிரி படிக்கட்டுலயும் வாசல்லயும் நிக்கிறாங்க. நமக்கும் அவங்களுக்கும் நடுவுல உயரமா ஒரு கண்ணாடி. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஏப்ரல் 1ந்தேதி, பருவநிலை போராட்டக்காரங்க பத்து பதினோரு பேர் சட்டைய கழட்டிட்டு இதே கேலரில கண்ணாடியில கைய கோந்து போட்டு ஒட்டிகிட்டாங்க, கீழ எம்பிங்க பிரெக்ஸிட் பேசிகிட்டே இருக்காங்க. போன் எடுத்தா காவலுக்கு இருக்கறவர் பார்வையாலயே வாங்கி வெச்சுடுவார். சீட் முதுகுலயே ஸ்பீக்கர் இருக்கு, அதுல காத வெச்சாத்தான் சத்தத்துக்கு நடுவுல யாரு என்ன பேசுறாங்கன்னு புரியும்.

அன்னிக்கு ஓடினது என்ன படம்னா, லேபர் கட்சி யவெட் கூப்பரும் கன்சர்வேடிவ் கட்சி ஆலிவர் லெட்வினும் சேர்ந்து கொண்டாந்த மசோதா. பிரதமர் தெரசா மே ஒப்பந்தம் இல்லாமயே நாட்டை வெளிய இழுத்துட்டு போயிடக்கூடாது, ஐரோப்பாகிட்ட போய் டைம் கேக்கணும், அவ்ளோதான் விஷயம். அதிசயம் என்னன்னா அரசாங்கம் கொண்டு வராத ஒரு மசோதா காமன்ஸ்ல ஒரே நாள்ல எல்லா கட்டத்தையும் தாண்டுச்சு. சாதாரணமா சபையில எந்த நேரத்துல எத பேசணும்கிறது அரசாங்கத்தோட கையில, அன்னிக்கு அந்த சாவிய எம்பிங்க புடுங்கிட்டாங்க. புடுங்குறதுக்கு நடந்த ஓட்டு 312க்கு 311. அதுக்கு கொஞ்சம் முன்னாடி வேற ஒரு திருத்தத்துல 310க்கு 310ன்னு சமமா வந்து சபாநாயகர் ஜான் பெர்கோ தன் ஓட்ட போட வேண்டியதா போச்சு, இப்படி சமமா வந்து 1993க்கப்புறம் இதான் மொத தடவை. இதெல்லாம் நாங்க உள்ள போறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு, அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கு.

ஓட்டு போடற முறைய நேர்ல பாக்கணும். பட்டன் கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது. "டிவிஷன்!"னு சபாநாயகர் கத்துவார், கட்டடம் பூரா மணி அடிக்கும், எட்டு நிமிஷம், அப்புறம் கதவ பூட்டிடுவாங்க. ஆமாங்கறவங்க ஒரு பக்க தாழ்வாரத்துல நடக்கணும், இல்லங்கறவங்க மறுபக்கம், ரேஷன் கடை வரிசை மாதிரி தலைய எண்ணி உள்ள விடுவாங்க. எண்ணுறவங்களுக்கு டெல்லர்னு பேரு, ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு ரெண்டு பேர். எல்லாம் முடிஞ்சு நாலு பேரும் வரிசையா நடந்து வந்து குனிஞ்சு வணக்கம் போட்டு எண்ணிக்கைய படிப்பாங்க. ராத்திரி பதினொன்றரை இருக்கும், கடைசி ஓட்டு, "ஆமா 313, இல்ல 312". ஒரே ஒரு ஓட்டு! கீழ ஓன்னு சத்தம், பக்கத்துல உக்காந்திருந்த இங்கிலீஷ் பாட்டி ஒருத்தங்க என் கைய புடிச்சுகிட்டாங்க, எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியல, சந்தோஷத்துலயா துக்கத்துலயான்னும் தெரியல, நானும் கேக்கல. அண்ணன் மட்டும் அசையாம, "இவ்ளோ நேரம் கத்துனாங்களே, என்னைய பத்தி ஒரு வரியாவது அதுல இருக்கா?"ன்னு கேட்டார்.

எனக்கு பதில் தெரியல. மூணரை ஸ்டார் குடுத்ததுக்கு காரணம் இதான். கேலரில உக்காந்தா டிராமா புரியும், சட்டம் புரியாது. திருத்தம் நம்பர் இத்தனை, ஷரத்து இத்தனைன்னு பேசிட்டே போவாங்க, கைல மசோதா இல்லாம பார்க்குறது ஸ்கோர் தெரியாம கிரிக்கெட் பார்க்குற மாதிரி. வீட்டுக்கு வரும்போதே டிரெயின்ல அந்த வெப்சைட்ட தொறந்தேன், அன்னிலேர்ந்து அதுக்கு அடிமை.

இதுல மொதல்ல படிக்க வேண்டியது 2017 சட்டம், ஏன்னா ரெண்டே செக்ஷன். சுப்ரீம் கோர்ட் 8க்கு 3ன்னு தீர்ப்பு குடுத்துச்சு, பார்லிமெண்ட்ட கேக்காம பிரதமர் விலகல் நோட்டீஸ் குடுக்கக்கூடாதுன்னு, உடனே இந்த குட்டி சட்டத்த கொண்டாந்தாங்க. "பிரதமர் நோட்டீஸ் குடுக்கலாம்", முடிஞ்சு போச்சு. ஒரு ஃப்ளாட் வாடகை ஒப்பந்தத்துல இதவிட நாலு மடங்கு எழுத்து இருக்கும். அத வெச்சு 2017 மார்ச் 29 அன்னிக்கு லெட்டர் போச்சு, ரெண்டு வருஷ கெடு ஓட ஆரம்பிச்சுது.

அடுத்தது மெயின் ஐட்டம், 2018 விலகல் சட்டம். மசோதாவா வந்தது 2017 ஜூலை, சட்டமானது 2018 ஜூன் 26, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஊறப்போட்டு அரைச்சிருக்காங்க. மொத செக்ஷன் ஒரே வரி: 1972 ஐரோப்பிய சமூகங்கள் சட்டம் வெளியேறும் நாள்ல ரத்து. அந்த 1972 சட்டம் இருக்கே, அதான் பிரிட்டன உள்ள கூட்டிட்டு போனது, அப்பவும் இரண்டாம் வாசிப்புல 309க்கு 301, எட்டு ஓட்டுலதான் தப்பிச்சுது. அப்புறம் பெரிய வேலை, நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல சேர்ந்து போன ஐரோப்பிய சட்டத்த எல்லாம் அப்படியே பிரிட்டன் சட்டமா காப்பி பண்ணி வெச்சுக்கறது. வாடகை வீட்ட காலி பண்றவன் ஓனரோட பாத்திரம் பண்டம் மாதிரியே ஒரு செட் செஞ்சு எடுத்துட்டு போற கதை, இல்லன்னா மறுநாள் காலைல காபி போடக்கூட சட்டம் இருக்காது. அதுல ஐரோப்பிய கமிஷன்னு இருக்கற எடத்துல உள்ளூர் அதிகாரி பேர போடணும்ல, அத அமைச்சருங்களே மாத்திக்கலாம்னு அதிகாரம் குடுத்தாங்க. இதுக்கு இங்க எட்டாம் ஹென்றி அதிகாரம்னு பட்டப்பேரு, அந்த ராஜா 1539லயே பிரகடனம் போட்டா அது சட்டம் மாதிரின்னு எழுதி வாங்கினவர். நம்மூர் அரசாணைய பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஷாக் இல்ல, ஆனா இங்க இதுக்கு பெரிய சண்டை.

வெப்சைட்டோட அருமை எங்கன்னா, ஒரு சட்டம் காலப்போக்குல எப்படி மாறுச்சுன்னு டைம்லைன்ல காட்டும், நீங்க தேதிய தேர்ந்தெடுத்தா அன்னிக்கு இருந்த வாசகம் வரும். 20வது செக்ஷன்ல "வெளியேறும் நாள்"னா என்னன்னு போட்டிருக்கு, அத மட்டும் பாருங்க. மொதல்ல 2019 மார்ச் 29 ராத்திரி 11 மணி (அதென்ன பதினொன்னு கணக்குன்னு கேட்டா, பிரசல்ஸ்ல அப்போ நள்ளிரவு பன்னெண்டு. பிரிஞ்சு போறவன் கடிகாரத்த அவன் வீட்டு டைமுக்கு வெச்சுட்டு போறான்). அப்புறம் ஏப்ரல் 12 இல்லன்னா மே 22, அப்புறம் அக்டோபர் 31, அப்புறம் 2020 ஜனவரி 31. கல்யாண பத்திரிகைல தேதி மேல ஸ்டிக்கர், அந்த ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர்னு ஒட்டிகிட்டே போன மாதிரி. அக்டோபர் 31ன்னு தேதி போட்டு 50 பென்ஸ் நாணயம்கூட அடிச்சுட்டாங்க, சுமார் பத்து லட்சம் காசு, எல்லாத்தையும் உருக்கிட்டு மறுபடி புது தேதில அடிச்சாங்க.

13வது செக்ஷனும் முக்கியம். ஒப்பந்தம் போட்டா அத காமன்ஸ் ஒத்துக்கணும்னு சொன்ன செக்ஷன், இதுக்கு விதை போட்டது டொமினிக் கிரீவ்னு கன்சர்வேடிவ் எம்பி, 2017 டிசம்பர் 13ல தன் கட்சி அரசாங்கத்தையே 309க்கு 305ல தோக்கடிச்சார். அந்த நாலு ஓட்டு வித்தியாசம்தான் பின்னாடி தெரசா மேயோட நாற்காலிய ஆட்டுச்சு. 2019 ஜனவரி 15ல அவங்க ஒப்பந்தத்துக்கு எதிரா 432, ஆதரவா 202. மறுபடி மார்ச்ல ரெண்டு தடவை, 391க்கு 242, 344க்கு 286. மே மாசம் ராஜினாமா பண்றேன்னு அறிவிச்சாங்க.

என்னோட ஃபேவரிட் 2019 செப்டம்பர் சட்டம், பென் ஆக்ட்னு சொல்வாங்க, ஹிலரி பென் கொண்டாந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் டைம் கேட்டு லெட்டர் போடணும்னு சொன்னதோட விடல, லெட்டர்ல என்ன எழுதணும்கிறதையும் சட்டத்துக்கு பின்னாடி சேர்க்கற அட்டவணையில அடிச்சு குடுத்துட்டாங்க! ஸ்கூல் லீவ் லெட்டர அம்மா எழுதிக்குடுத்து கையெழுத்து மட்டும் போடுன்னு சொல்ற மாதிரி. ஜான்சன் என்ன பண்ணார், அத போட்டோகாப்பி எடுத்து கையெழுத்தே போடாம அனுப்புனார், கூடவே கையெழுத்து போட்டு இன்னொரு லெட்டர், இதெல்லாம் வேணாம்னு. இந்த மசோதாவுக்கு வழி விட்டதுக்காக 21 எம்பிங்கள கட்சிய விட்டு ஒதுக்குனாங்க, சர்ச்சிலோட பேரன் உள்பட. ஆனா பதவி போகல, நம்மூர்ல கட்சி கொறடா உத்தரவ மீறினா சீட்டே காலி, இங்க அது கிடையாது. இதே மசோதால ஸ்டீபன் கின்னக் கொண்டாந்த திருத்தம் ஒண்ணு ஓட்டே நடக்காம பாஸ் ஆச்சு, ஏன்னா எதிர்பக்கத்துக்கு தலை எண்ணுற டெல்லர் ரெண்டு பேர் வந்து நிக்கல. எண்ண ஆளில்லன்னா எதிர்ப்பே இல்லன்னு கணக்கு. அட்டவணை, திருத்தம் எல்லாம் வெப்சைட்ல இருக்கு, சுவாரசியமா படிச்சேன், பொண்டாட்டி என்ன நாவலான்னு கேட்டா.

இப்போ அண்ணன் கேட்ட கேள்விக்கு வரேன். அவர பத்தின வரி கடைசில 2020 விலகல் ஒப்பந்த சட்டத்துலதான் இருந்துச்சு, இங்க ஏற்கெனவே இருக்கற யூனியன் நாட்டுக்காரங்களோட உரிமை. 2019 டிசம்பர் தேர்தல்ல ஜான்சன் 80 சீட் மெஜாரிட்டியோட வந்ததும் மசோதா மளமளன்னு போச்சு, ஒரு ஓட்டு ரெண்டு ஓட்டு கதையெல்லாம் முடிஞ்சுது, ஜனவரி 9ல காமன்ஸ்ல 330க்கு 231. மேல்சபையான லார்ட்ஸ் சபையில 270க்கு 229ல ஒரு திருத்தம் போட்டாங்க, இந்த மாதிரி ஆளுங்களுக்கு கைல குடுக்கற மாதிரி ஒரு ஆதாரம், ஒரு கார்டு, குடுக்கணும்னு. நாங்க ரெண்டு பேரும் அத என் வீட்டு லேப்டாப்ல பார்லிமெண்ட் நேரலைல பார்த்தோம், அண்ணன் கைதட்டினார். ரெண்டே நாள், ஜனவரி 22ல காமன்ஸ் அத தூக்கிடுச்சு, 23ல சட்டம் ஆயிடுச்சு. இதுக்கு நடுவுல அவர் எங்க பக்கத்து கடைவீதில ஒரு ஏஜெண்ட்கிட்ட, இங்க தொடர்ந்து இருக்கற உரிமைக்கு விண்ணப்பம் போட 120 பவுண்டு குடுத்திருந்தார், விண்ணப்ப கட்டணம் 65 பவுண்டுன்னு இருந்ததையே 2019லயே ரத்து பண்ணி ஃப்ரீ ஆக்கிட்டாங்கன்னு அந்த ஆள் மூச்சு விடல. ரசீதும் குடுக்கல. தயவு செஞ்சு எந்த விண்ணப்பத்துக்கும் மொதல்ல அரசாங்க பக்கத்த பாருங்க, அப்புறம் கடைக்கு போங்க.

இந்த 2020 சட்டத்துலயே ஒரு கூத்தும் இருக்கு. 2018 சட்டத்துல ஒரே வரில சாகடிச்ச 1972 சட்டத்த, '1ஏ'ங்கற நம்பர்ல புதுசா ஒரு செக்ஷன் சொருகி, 2020 டிசம்பர் கடைசி வரைக்கும் மாற்றத்தோட நடைமுறையில வெச்சாங்க. செத்தவர் பேர்ல பதினோரு மாசம் ரேஷன் வாங்குன மாதிரி. வெப்சைட்ல அடைப்புக்குறிக்குள்ள எஃப் போட்டு நம்பரோட காட்டும், எது எப்போ வந்துச்சு எது போச்சுன்னு, கொஞ்சம் பழகணும். புதுசா வர்றவங்க நேரா சட்டத்துக்குள்ள குதிக்காம விளக்கக் குறிப்புன்னு தனியா ஒரு பக்கம் இருக்கு, அங்கேர்ந்து ஆரம்பிங்க. கால் ஸ்டார் குறைச்சது இதுக்குத்தான், மொபைல்ல அந்த குறிகள்லாம் கண்ண கட்டுது.

மைனஸ்னு பார்த்தா இன்னொன்னு, ஒரு சட்டம் எவ்ளோ வேகமா பாஸ் ஆச்சுங்கறத வெப்சைட் காட்டாது. 2018 சட்டத்துக்கு ஒரு வருஷம் ஆச்சுன்னு சொன்னேன்ல, 2020 டிசம்பர் 30ல வர்த்தக ஒப்பந்தத்துக்கான சட்டம் ஒரே நாள்ல ரெண்டு சபையும் தாண்டுச்சு, காமன்ஸ்ல 521க்கு 73. ஒப்பந்தம் 1200 பக்கத்துக்கு மேல, கிறிஸ்துமஸுக்கு மொத நாள்தான் பேசியே முடிச்சாங்க. யாரு படிச்சிருப்பா? பக்கத்துல பார்த்தா ரெண்டும் ஒரே எழுத்து, ஒரே லேஅவுட், ஒரே மாதிரி கம்பீரமா நிக்குது.

போன மாசம் அண்ணனோட மறுபடி கேலரிக்கு போனோம், வியாழக்கிழமை மத்தியானம், ஏதோ மீன்பிடி விவகாரம், கீழ ஒரு இருபது பேர் இருந்தா ஜாஸ்தி. நிம்மதியா பாக்கணும்னா இந்த மாதிரி நாள்தான் பெஸ்ட், புதன்கிழமை மத்தியானம் பிரதமர் கேள்வி நேரத்துக்கு போகணும்னா உங்க எம்பிகிட்ட முன்னாடியே டிக்கெட் கேட்டு வெச்சுக்கணும். வெளிய வரும்போது அண்ணன்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். காமன்ஸ்லேர்ந்து லார்ட்ஸுக்கு ஒரு மசோதா போகும்போது அதுல கிளார்க் ஒரு குறிப்பு எழுதணும், அது பழைய நார்மன் பிரெஞ்சுல, "சுவா பையே ஓ செஞ்ஞர்", பிரபுக்கள்கிட்ட குடுக்கப்படட்டும்னு அர்த்தம். ஐரோப்பாவ விட்டு போற மசோதாவும் அப்படி எழுதித்தான் போச்சு. அண்ணன் அங்கயே நின்னு என் உச்சரிப்ப ரெண்டு தடவை திருத்தினார், அப்புறம் ஒரே சிரிப்பு, வாசல்ல நின்ன போலீஸ்காரர் திரும்பி பார்க்கற அளவுக்கு. டிரெயின் ஏறுறதுக்குள்ள வீட்டு புரோக்கர்கிட்டேர்ந்து போன், இங்க இருக்கற உரிமைக்கு ஆதாரமா கார்டுக்கு பதிலா அவர் ஆன்லைன்ல எடுத்து குடுத்த ஷேர் கோட் காலாவதி ஆயிடுச்சாம், புதுசா ஒண்ணு எடுத்து அனுப்பணுமாம். பிளாட்ஃபாரத்துல சிக்னல் வரல.